இரண்டாவது பொட்டலம்

என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில், பசை டப்பாவுக்கும் உபயோகமில்லாத ரப்பர் முத்திரைகளுக்கும் நடுவே, ஒரு சின்னப் பொட்டலம் நாலு வருஷம் கிடந்தது. செய்தித்தாளைச் சதுரமாகக் கிழித்து, நாலு மூலையும் நடுவில் சேரும்படி மடித்து, மேலே வெள்ளை நூல் சுற்றியது. கோயிலில் திருநீறு மடித்துத் தருவார்களே, அதைவிடக் கொஞ்சம் பெரிது. மடித்தவன் நான்தான். உள்ளே எதை வைத்தேன் என்று எனக்குத் தெரியும். உள்ளே எது இருந்தது என்பதுதான் தெரியாது. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்த இழுப்பறையைத் திறக்கிற தொழில் எனக்கு. இருபது தடவையும் அதைப் பார்க்காதவன் மாதிரி பசை டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு மூடுவேன்.

நாமக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், எதுவானாலும் அரசாங்கத்திடம் கேட்டு வாங்கித் தருவது என் பிழைப்பு. கேட்கிற விதத்தில் கேட்டால் எதுவும் கிடைக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன். ஊரடங்கு வந்த வருஷம் ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து முட்டை லாரிகளுக்கும் மனிதர்களுக்கும் பாஸ் போட்டுக் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் மனிதர்களுக்கு மூன்றுதான் செல்லுபடியாகும். கல்யாணம், சாவு, வைத்தியம். இதில் சாவுக்குப் போகிறவர்களுக்குச் சீக்கிரம் கிடைத்தது. சாகாமல் இருப்பதற்காகப் போகிறவர்களுக்குத்தான் இழுத்தடித்தது. இதை நான் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்ததுண்டு. அண்ணியின் விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும்வரை சிரித்தேன்.

அண்ணி என்றால் என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணன் ஆசைப்பட்டு ஒரு லாரி வாங்கினார். வாங்கிய மூன்றாம் மாதம் அதே லாரியில் போய்ச் சேர்ந்தார். குழந்தை இல்லை. அண்ணி பிறந்த வீட்டுக்குத் திரும்பாமல், ஊருக்கு வெளியே இருந்த எங்கள் கோழிப்பண்ணையைத் தானே எடுத்து நடத்தினார். மூன்று செட்டு, எல்லாம் முட்டைக்கோழி. செட்டு என்றால் இரண்டு பக்கமும் கம்பி வலை அடித்த நீளமான கொட்டகை. உள்ளே ஆயிரக்கணக்கில் கோழிகள் கூண்டுகளில் இருக்கும். பக்கத்தில் நின்று பேசினால் காதில் விழாத அளவுக்கு ஓயாத சத்தம். முன்னறிவிப்பு இல்லாமல் யாராவது நுழைந்தால் அத்தனையும் மிரளும், அன்றைக்கு முட்டை குறையும். அதனால் பண்ணை ஆட்கள் எல்லாரும் தகரக் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவார்கள். மற்றவர்கள் தட்டிய கையோடு நுழைந்துவிடுவார்கள். அண்ணி மூன்று தட்டுத் தட்டி, "வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டு வெளியிலேயே நிற்பார். உள்ளே கதவோரத்துக் கூண்டுகளில் சத்தம் முதலில் அடங்கும். பிறகு நடுவில் அடங்கும். கடைசியாக அந்தக் கோடியில். முழுசாக அடங்கிய பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்பார்.

"கோழிகிட்டயும் பாஸ் வாங்கோணுமுங்களா அண்ணி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அத்தன உசுரு இருக்கற எடமுங்க தம்பி. கேக்காம நொழையப்படாது" என்றார். அவர் சிரிக்கவில்லை.

கேட்காமல் எதையும் செய்யக்கூடாது என்பது அவர் சுபாவத்திலேயே இருந்தது. எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும் குலதெய்வத்திடம் பூப்போட்டுக் கேட்போம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அம்மன் முன்னால் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்போம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அண்ணன் லாரி வாங்கியபோது பூப்போட்டுக் கேட்கவில்லை. அவசரத்தில் விட்டுவிட்டார். அண்ணி அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டக்கூடக் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வந்தார்கள்.

ஊரடங்குக்கு முந்தின மார்கழியில் அண்ணியின் கைகளில் நீலநீலமாகக் கன்றிப்போன திட்டுகள் வந்தன. கூண்டில் இடித்துக்கொண்டேன் என்றார். பல் துலக்கினால் ரத்தம் நிற்கவில்லை. கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தம் ஊறுவதே நின்றுபோய்விட்டது என்றார்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை வேறொருவரிடமிருந்து எடுத்து இவருக்கு ஏற்றினால்தான் பிழைப்பார். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த அண்ணியின் தங்கைக்குச் சோதித்தார்கள், அச்சாகப் பொருந்தியது. தங்கை சிங்கப்பூரில் குடும்பத்தோடு இருப்பவள். பங்குனியில் லீவு போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பங்குனி வந்தது, விமானம் வரவில்லை. இங்கே அந்தச் சிகிச்சை செய்யும் வார்டையும் கொரோனா நோயாளிகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தங்கை இங்கே வர முடியாது, வந்தாலும் செய்ய இடமில்லை. அங்கே ஒரு ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. ஆக அண்ணிதான் போக வேண்டும். ரத்தம் ஏற்றி ஏற்றி நாட்களைத் தள்ளினோம். ஆவணி வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அண்ணியின் உடம்பில் நோயை எதிர்க்கிற சக்தி துளிகூட இல்லை. தூசு ஆகாது, கூட்டம் ஆகாது, பச்சைக் காய் ஆகாது, பூவைத் தொடக்கூடாது, கோழியை நினைக்கவே கூடாது. பண்ணை வீட்டின் முன்னறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தார். செட்டு அங்கிருந்து நூறடி தூரம்தான். அவர் போவதை நிறுத்திய பத்தாவது நாளோ என்னவோ, பண்ணையில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார். மத்தியானம் மூன்று மணிக்குக் கோழிகள் தானாக அடங்குகின்றன என்றார். அண்ணி முட்டை எடுக்கப் போகிற நேரம் அது. பழக்கம்தான், நேரம் தெரிந்த பிராணி என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் நானே போய் வெயிலில் நின்றேன். யாரும் கதவைத் தட்டவில்லை. கதவோரத்தில் சத்தம் குறைந்தது, பிறகு நடுவில், பிறகு அந்தக் கோடியில். அத்தனை ஆயிரம் கோழிகளும் மூச்சுப் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாள் நகர்வதற்காகக் காத்திருந்தன. என் முதுகுக்குப் பின்னால், சாத்திய ஜன்னலுக்குள்ளிருந்து, அண்ணி மெல்ல "வாரேன் சாமி" என்று சொன்னது கேட்டது. பட்டப்பகலில் எனக்கு முழங்கை வரைக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

அனுமதி வாங்கிய கதையைச் சொன்னால் ஒரு புத்தகம் ஆகும், படிக்கத்தான் ஆளிருக்காது. இந்தச் சிகிச்சை இப்போது இங்கே நடக்கவில்லை என்று இங்குள்ள டாக்டர் எழுதித் தர வேண்டும். அதை வைத்து அங்குள்ள ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுத வேண்டும். அதை வைத்து அந்த நாட்டு அரசாங்கம் உள்ளே வரலாம் என்று எழுத வேண்டும். அது வந்ததும் சிறப்பு விமானத்தில் இடம் பிடிக்க வேண்டும். ஏறுவதற்கு மூன்று நாளுக்குள் எடுத்த சோதனையில் கொரோனா இல்லை என்று வர வேண்டும். திருச்சி விமான நிலையம் வரைக்கும் கார் மாவட்ட எல்லை தாண்ட ஒரு பாஸ் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. ஒன்று கிடைக்கும்போது இன்னொன்று காலாவதியாகியிருக்கும். இரண்டு முறை முதலிலிருந்து ஆரம்பித்தேன். துணைக்கு யாரும் வரக்கூடாது, நோயாளி மட்டும் என்று வேறு சொல்லிவிட்டார்கள். சேலத்துக்கு அந்தப் பக்கம் தனியாகப் போயிராத மனுஷி.

அந்த ஆஸ்பத்திரிக்காக இந்தியாவில் காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் திங்கட்கிழமை தோறும் போன் செய்வாள். நல்ல குரல், கனிவாகப் பேசுவாள். எடுத்ததும் முதல் கேள்வி ஒன்றுதான். "பேஷண்ட் இருக்காங்களா சார்?" முதல் தடவை எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்கிறாள் என நினைத்து, பண்ணையில் இருக்கிறார் என்றேன். குரலைத் தாழ்த்தி, "இல்ல சார், இருக்காங்கல்ல?" என்றாள். காகிதம் வருவதற்குள் ஆள் போய்விட்ட குடும்பங்களிடம் எத்தனை முறை பேசியிருப்பாளோ. "இருக்காங்க மேடம்" என்றேன். அதற்குப் பிறகு திங்கட்கிழமை காலையில் போன் மணி அடித்தால், எடுப்பதற்கு முன் பண்ணைக்கு இன்னொரு போனில் கூப்பிட்டு அண்ணியின் குரலைக் கேட்டுக்கொள்வேன். பிறகுதான் "இருக்காங்க" என்பேன்.

ஆடி மாதத்தில் எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தன. சனிக்கிழமை சோதனை முடிவு வந்தது, இல்லை என்று. திங்கட்கிழமை மத்தியானம் திருச்சியில் விமானம். எல்லாக் காகிதங்களையும் ஒரு நெகிழி உறையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பண்ணைக்குப் போய் ஜன்னலுக்கு வெளியே நின்று தூக்கிக் காட்டினேன். அரசுத் தேர்வில் பாஸானவன் மாதிரி நின்றேன் என்று நினைக்கிறேன்.

அண்ணி பார்த்தார். "செரீங்க தம்பி. அம்மங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போடலாமுங்க" என்றார்.

"கோயில் பூட்டிக் கெடக்குதுங்க அண்ணி."

"வாசப்படியில வெச்சுக் கேக்கலாமுங்க. பூசாரிகிட்டச் சொல்லிப்போட்டேன். பூ குடுத்தா நாளைக்குப் போறேன். குடுக்காட்டி உட்டுருங்க."

நாலு மாசம் நாய் மாதிரி அலைந்தவன் நான். இரண்டு அரசாங்கம் சம்மதித்துவிட்டது, இனி ஒரு அரளிப் பூ சம்மதிக்க வேண்டுமாம். வந்த கோபத்தில் வண்டியைத் திருப்பினேன். அண்ணி பூவைத் தொடக்கூடாது என்பதால் பறிப்பதும் மடிப்பதும் பிரிப்பதும் நான்தான். நெடுஞ்சாலை நடுத்திட்டில் வரிசையாக அரளி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. அந்தச் சாலையில் நான் பிறந்ததிலிருந்து ஒரு நிமிஷம் லாரி ஓயாமல் பார்த்ததில்லை. அன்றைக்கு வடக்கே பார்த்தாலும் தெற்கே பார்த்தாலும் தார் மட்டும் கிடந்தது. ஆடிக் காற்றில் அரளிச் செடிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. நடுச்சாலையில் நின்று இரண்டு வெள்ளைப் பூ பறித்தேன். அண்ணிக்குத் தூரத்திலிருந்து காட்டுவதற்காக ஒரு சிவப்பும் பறித்தேன். யாரோ பார்ப்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, வெட்கம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

காட்டியாயிற்று. பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்து மடித்தேன். சிவப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சாமியை ஏமாற்றுகிறோம் என்றெல்லாம் தோன்றவில்லை. ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்படாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் தோன்றியது.

கோயில் பண்ணைக்கு வடக்கே, சோளக்காட்டு நடுவில், ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது. இரும்புக் கதவில் பூட்டு. அண்ணியைக் காரிலேயே அழைத்துப்போய், இருபதடி தூரத்தில் இறக்கி நிற்க வைத்தேன். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. பூசாரி வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு நின்றார். எழுபது வயசுக்கு மேலிருக்கும், அதிகம் பேசாத மனிதர். பொட்டலங்களைத் தட்டில் வாங்கிக்கொண்டு கோயிலை மூன்று முறை சுற்றினார். சுற்றும்போது பின்பக்கம் கொஞ்ச நேரம் கண்ணுக்கு மறைவார். அந்தப் பக்கம் செவ்வரளிப் புதர் ஒன்று உண்டு என்பது எனக்கு அப்போது நினைவிலேயே இல்லை. மூன்றாவது சுற்று முடிந்து பொட்டலங்களை வாசற்படிக் கல்லில் வைத்தார். காற்று சட்டென்று நின்றது. சோளத்தட்டு ஒன்றுகூட அசையவில்லை. உச்சிவெயிலில் எங்கள் மூன்று பேர் நிழலும் காலடிக்குள் ஒடுங்கியிருந்தன.

"வலங்கைப் பக்கமுங்க" என்று அண்ணி விரல் நீட்டினார். பூசாரி அதை எடுத்து என் கையில் கொடுத்தார். நூலைப் பிரித்தேன். மடிப்பைத் திறந்தேன். சிவப்பு.

முதலில் சட்டைப்பையைத் தொட்டேன். நான் பறித்த சிவப்பு அப்படியே பைக்குள் வாடிக்கொண்டிருந்தது. அப்படியானால் இது எந்தச் சிவப்பு? பிறகு என் வாய் தானாகப் பேசியது. "வெள்ளைங்க அண்ணி." சொல்லிக்கொண்டே விரல்களை மூடிவிட்டேன். அண்ணி என் முகத்தையே பார்த்தார். பூசாரியும் பார்த்தார், அவருக்கு என் கை நன்றாகத் தெரியும் தூரம். மற்றப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டி, "இதப் பிரிக்காம தண்ணியில உட்டுருங்க சாமி" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. காற்று மறுபடியும் வீச ஆரம்பித்தது.

மறுநாள் போகும் வழியெல்லாம் காவிரி கூடவே வந்தது. எங்காவது நிறுத்திப் பொட்டலத்தை விட்டுவிடலாம் என்று சட்டைப்பையில்தான் வைத்திருந்தேன். மாவட்ட எல்லையில் போலீஸ் நிறுத்திக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், நேரமாகிவிட்டது, மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன். விமான நிலைய வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். உள்ளே போகிறவர்கள் எல்லாருக்கும் தலையிலிருந்து கால்வரை மூடும் வெள்ளை உடையும் முகத்துக்குக் கண்ணாடித் திரையும் கொடுத்து அங்கேயே மாட்டிக்கொள்ளச் செய்தார்கள். நான் காகிதங்களைக் காவலரிடம் காட்டிவிட்டுத் திரும்பினால், இருபது முப்பது வெள்ளை உருவங்கள் வரிசையில் நின்றன. எல்லாம் ஒரே உயரம் மாதிரி இருந்தது. எது அண்ணி என்று தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் ஒரு உருவம் திரும்பி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கியது. நானும் தூக்கினேன். அது அண்ணிதானா என்பது இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணி பிழைத்தார். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தங்கையின் மஜ்ஜை பிடித்துக்கொண்டது. இடையில் கைகால் தோலெல்லாம் உரிந்து, மூன்று முறை இனி அவ்வளவுதான் என்று போன் வந்து, பதினாலு மாசம் கழித்து அதே திருச்சி வாசலில் வந்து நின்றார். முடி கொட்டிப் புதிதாக முளைத்திருந்தது, சுருட்டையாக. ரத்த வகை மாறியிருந்தது. தங்கையின் வகை இப்போது அவருக்கு. அப்படித்தான் ஆகும் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருந்தது.

பண்ணைக்குப் போக அனுமதி கிடைத்த அன்று நானும் கூடப் போனேன். தகரக் கதவை மூன்று தட்டு. "வாரேன் சாமி." நின்றார். உள்ளே சத்தம் அடங்கவில்லை. இன்னும் ஒருமுறை தட்டினார். சத்தம் கூடியது. முட்டைக்கோழி ஒன்றரை வருஷத்துக்கு மேல் பண்ணையில் இருக்காது. அண்ணியைத் தெரிந்த கோழிகள் எல்லாம் எப்போதோ கறிக்குப் போய்விட்டன, இவை வேறு. அதை நான் எடுத்துச் சொன்னேன். அண்ணி தலையாட்டினார். ஆனாலும் தாழ்ப்பாளில் கை வைக்கவில்லை. கால்மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

நான் சொன்ன பொய் அந்த வருஷங்களில் என்னை விட்டுப் போகவே இல்லை. அண்ணி நன்றாக இருக்கிறார், சாப்பிடுகிறார், கணக்குப் பார்க்கிறார் என்று பகலெல்லாம் சந்தோஷப்படுவேன். திடீரென்று அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பதைப் பார்ப்பேன். அது அவர் தங்கை கேட்கிற விதம். அம்மன் கூடாது என்று சொன்ன இடத்துக்கு நான் அனுப்பி வைத்தேன், திரும்பி வந்திருப்பது யார் என்று தோன்றும். இப்படி நினைப்பதற்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். பூசாரியிடம் கேட்டுவிடலாம் என்றால், அவர் இரண்டாவது அலையில் போய்விட்டார்.

போன ஆடியில் ஒரு நாள், நிலத்துப் பத்திர விஷயமாக ரேகை வைக்க அண்ணி என் சென்டருக்கு வந்தார். கருவியில் விரலை வைத்தார். பொருந்தவில்லை என்று வந்தது. துடைத்துவிட்டு வைத்தார். அடுத்த விரல், அதற்கடுத்தது. பத்து விரலும் பொருந்தவில்லை. தோல் உரிந்து புதிதாக வந்ததால் ரேகை மாறியிருக்கும், இதற்கும் விளக்கம் இருந்தது. ஆனால் திரையில் அண்ணியின் பெயருக்குப் பக்கத்தில் பத்தாவது முறையாகச் சிவப்பு எழுத்து வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

"நானு நானில்லீங்களாமா தம்பி?" என்று அண்ணி சிரித்தார்.

சொல்லிவிட்டேன். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, அன்றைக்கு வந்தது சிவப்புப் பூ என்றும், நான் இரண்டிலும் வெள்ளை வைத்திருந்தேன் என்றும், எப்படி மாறியது என்று தெரியவில்லை என்றும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அண்ணி கருவியிலிருந்து விரலை எடுத்தார். "சிவப்புதான்னு எனக்குத் தெரியுமுங்க" என்றார். "ரெண்டுலயும் சிவப்பையே வெச்சுப்போடுங்கன்னு பூசாரிகிட்டச் சொன்னதே நாந்தான்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பயந்துபோயிட்டேனுங்க தம்பி. தெரியாத ஊருல, தங்கச்சிகூடக் கிட்ட வர முடியாத ரூமுல தனியா, பாஷ புரியாமச் சாகறதுக்கு இங்கயே கோழிச் சத்தத்தக் கேட்டுட்டுப் போயிரலாம்னு இருந்துச்சு. நீங்க அத்தன அலைஞ்சீங்க. போகலீன்னு என்ற வாயால எப்படிச் சொல்லறது? அம்மன் சொல்லிப்போட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். அப்பறம் நீங்க கையை மூடிக்கிட்டு வெள்ளைன்னீங்க. அம்மனுக்கு முன்னால நின்னு எனக்காக இப்படிப் பொய் சொல்ற ஆளு ஒருத்தரு இருக்கறப்ப, போய்த்தான் பாப்போமேன்னு தோணிருச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். சந்தில் போனவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். நாலு வருஷம் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அந்தச் சிரிப்பில் இறங்கியது. நானும் ஏமாற்றினேன், அவரும் ஏமாற்றினார். அம்மனிடம் யாருமே எதையுமே கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குக் கூடாது என்ற பதிலும் இல்லை. அந்த இளகலில்தான் எனக்கு இழுப்பறை நினைவுக்கு வந்தது. பசை டப்பாவை நகர்த்திப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "நீங்க வெக்கச் சொன்ன ரெண்டாவது சிவப்புங்க" என்றேன்.

"இன்னுமா வெச்சிருக்கீங்க? பிரிங்க பாக்கலாம்" என்றார் அண்ணி.

நூல் தொட்டதும் அறுந்தது. மடிப்பைத் திறந்தேன். அரளி காய்ந்தால் எப்படி ஆகும் என்று எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். சாமி படத்தில் போட்ட மாலை நாள்பட்டுக் கிடந்து பார்த்திருக்கிறோம். சிவப்பு காய்ந்தால் கறுத்துப்போகும். வெள்ளை காய்ந்தால் வைக்கோல் நிறம். பொட்டலத்துக்குள் வைக்கோல் நிறத்தில் ஐந்து இதழோடு ஒரு பூ இருந்தது.

மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, இதழ்கள் இலேசாக நடுங்கின. நான் இரண்டும் வெள்ளையாகக் கொடுத்தேன். அண்ணி இரண்டும் சிவப்பாகக் கேட்டார். அந்தக் கிழவர் கோயிலுக்குப் பின்னால் போய், இரண்டு பேருக்கும் கட்டுப்படாமல், ஒன்றில் சிவப்பும் ஒன்றில் வெள்ளையும் முறைப்படி வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். படியில் இருந்தவை நிஜமான பொட்டலங்கள். அண்ணி நீட்டிய விரல் நிஜமாகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தது.

"அப்ப நெசமாவே கேட்டிருக்கறமுங்க தம்பி" என்றார் அண்ணி. குரல் சின்னதாக இருந்தது. "வேண்டாம்னு சொல்லியிருக்குது."

அவரே கை நீட்டி அந்தப் பூவைத் தொட்டார். இப்போது தொடலாம், டாக்டர் தடை எதுவும் இல்லை. காகிதத்தை அதே மடிப்பில் மடித்து என் பக்கம் நகர்த்தினார். ரேகையைப் பற்றி அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. வாசல்வரை போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டவர், திரும்பி வந்து ஷட்டருக்குக் கீழே நின்றார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்காமல் போய்விட்டார்.

அதற்கு மறுநாளிலிருந்து தினமும் காலையில் நான் சென்டரைத் திறக்கிற நேரத்துக்கு அண்ணியிடமிருந்து போன் வருகிறது. பின்னால் கோழிச் சத்தம் கேட்கும். செட்டுக் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்கிறார் என்று புரியும். "இருக்கேனுங்க தம்பி" என்பார். வேறு ஒன்றும் சொல்வதில்லை. அந்த நாளைய அலுவலகப் பெண் கேட்ட கேள்வியை நான் கேட்பதில்லை. "இருங்க அண்ணி" என்கிறேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது, நான் காகிதம் நிரப்புகிறவன். ஆனாலும் அதைக் கேட்ட பிறகுதான் தாழ்ப்பாள் நகர்கிற சத்தம் போனில் வருகிறது. கோழிகள் அடங்குவதில்லை, அவர் உள்ளே போகிறார். நான் இழுப்பறையைத் திறந்து, பொட்டலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பசை டப்பாவை எடுத்துக்கொண்டு மூடுகிறேன்.